கணித மென்பொருளில் எடிட்டர் வழுக்களும் அவற்றுக்கான சுற்றுவழிகளும்

கணித மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துபவர் விசைப்பலகையில் தட்டுவதற்கும் விடை திரையில் தோன்றுவதற்கும் இடையே குறைந்தது மூன்று அடுக்குகள் உள்ளன. தட்டியதை வாங்கி, வண்ணமிட்டு, அடைப்புக்குறிகளை இணைத்துக் காட்டி, கோப்பாகச் சேமிப்பது நிரல் எடிட்டர். கோப்பில் கணித வழக்குப்படி எழுதப்பட்டிருப்பதைப் பிரித்துப் படித்து, கணினிமொழிக்கு உரிய வடிவத்துக்கு மாற்றுவது அடுத்த அடுக்கு. அவ்வாறு மாற்றியதை வாங்கிக் கணக்கிடுவது கெர்னல் எனப்படும் கணிப்புக் கரு. இவற்றுள் முதல் அடுக்கில் தோன்றும் வழுக்களே இவ்வுரையின் பொருள். வழு என்பது இங்கே, மென்பொருளை ஆக்கியவர் கருதியதற்கு மாறாக அது நடந்துகொள்வதைக் குறிக்கும். எடிட்டரின் வழு தானாகவே ஒரு கணக்கின் விடையைப் பொய்யாக்கிவிடுவது அரிது. ஆனால் அந்த வழுவிலிருந்து தப்புவதற்காகப் பயனர் கைக்கொள்ளும் சுற்றுவழி விடையைப் பொய்யாக்கிவிடுவது அவ்வளவு அரிதன்று. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே எந்தச் சுற்றுவழியையும் கைக்கொள்ளும் முன் கேட்கவேண்டிய கேள்வி, கெர்னலுக்குச் சென்று சேரும் உரையை அது மாற்றுகிறதா என்பதுதான்.

இப்பொருள் சென்னையின் தரமணிக்கு அயலானதன்று. அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962 ஜனவரி 3 அன்று தொடங்கப்பெற்று, மேட்சயன்ஸ் என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் இங்குள்ள சி.ஐ.டி. வளாகத்தில் இயங்குகிறது; அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், ராஜீவ் காந்தி சாலையை ஒட்டி, ஆயிரக்கணக்கான மென்பொருளாளர்கள் பணிபுரியும் டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. இரு சாராரும் இன்று பெரும்பாலும் ஒரே வகை எடிட்டர்களையே பயன்படுத்துகின்றனர். ஆனால் அந்த எடிட்டர்கள் இரண்டாவது சாராரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை: ஒரு கோப்பில் ஒரு மொழிதான் இருக்கும், அம்மொழியைக் கோப்புப்பெயரின் பின்னொட்டு சொல்லிவிடும், எழுத்துகள் எல்லாம் ஒரே அகலமுடையவை என்பன போன்ற அனுமானங்கள் அவற்றின் அடித்தளத்திலேயே இருக்கின்றன. கணித நிரல் இம்மூன்றையும் நாள்தோறும் மீறுகிறது. கணிதவாணர்களுக்கு மட்டும் எடிட்டர் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதற்கு இதைவிட ஆழமான காரணம் தேடவேண்டியதில்லை.

முகப்பையும் கருவையும் வெளிப்படையாகவே இரண்டாகப் பிரித்து அமைத்த மென்பொருள்களில் முதன்மையானது 1988-இல் வெளிவந்த மேத்தமேட்டிகா. அதன் நோட்புக் என்னும் முகப்பு தனி நிரல். கெர்னல் தனி நிரல். இரண்டும் ஒரு தொடர்பு வழியின் ஊடாகப் பேசிக்கொள்கின்றன. இந்தப் பிரிவினையால் முகப்பு செயலிழந்தாலும் கணக்கு செயலிழப்பதில்லை என்ற நன்மை உண்டு. நோட்புக் கோப்பைச் சாதாரண உரை எடிட்டரில் திறந்தால் அதுவும் வெறும் எழுத்துகளாலான கோப்பே என்பது தெரியவரும். ஆனால் அதனுள், ஒவ்வொரு பகுதியும் கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கிறது. பெரிய கோப்பை முழுவதும் படிக்காமலே விரைவாகத் திறப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. வேறோர் எடிட்டரில் ஒரு சொல்லைத் திருத்தினாலும், இருவர் செய்த திருத்தங்களைப் பதிப்பு மேலாண்மைக் கருவி ஒன்று தானாக இணைத்தாலும், அந்த எண்கள் யாவும் பிசகிவிடும். பழைய பதிப்புகளில் சேமிக்கப்பட்ட கோப்புகளின் தலைப்பிலேயே இதற்கான சுற்றுவழி அச்சிடப்பட்டிருந்தது: மேத்தமேட்டிகாவைச் சாராத கருவியில் கோப்பைத் திருத்தினால், 'கேச்ஐடி' என்னும் சொல் உள்ள வரியை நீக்கிவிடவேண்டும். அந்த வரி நீங்கியதும் முகப்பு அட்டவணையை நம்பாமல் கோப்பை முழுமையாகப் படித்துக்கொள்கிறது. மென்பொருளாளர் தம் கருவியின் பலவீனத்தைத் தாமே கோப்பின் நெற்றியில் எழுதிவைத்த இந்த நேர்மை பாராட்டத்தக்கது. முன்னர்ச் சொன்ன கேள்விக்கும் இச்சுற்றுவழி எளிதில் விடை தருகிறது. நீக்கப்படுவது முகப்பின் வசதிக்கான வரி மட்டுமே, கெர்னல் அதைப் பார்ப்பதே இல்லை. முகப்பு திறக்கும்போதே தடுமாறுமானால் கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளை அழுத்திக்கொண்டு தொடங்கி அதன் விருப்ப அமைவுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் இதே வகையைச் சேர்ந்த, தீங்கற்ற சுற்றுவழி.

எல்லாச் சுற்றுவழிகளும் இப்படித் தீங்கற்றவை அல்ல என்பதற்குத் தரமணியோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்றையே சற்று விரிவாகப் பார்க்கலாம். வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய சேஜ் என்னும் கட்டற்ற கணித மென்பொருளில், முடிவுறு களங்களின் மேல் அமைந்த அணிகளை ஒப்புமை வகுப்புகளாகப் பிரித்து எண்ணும் தொகுதி ஒன்று உண்டு. அதைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் அம்ரிதான்ஷு பிரசாத் 2013-இல் எழுதினார். முடிவுறு களம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் செல்லுபடியாகும் முடிவுள்ள எண்தொகுதி. அதன் உறுப்புகளின் எண்ணிக்கையைக் கியூ என்ற எழுத்தால் குறிப்பது வழக்கம். ஓர் அணியை, நேர்மாறுடைய வேறோர் அணியாலும் அதன் நேர்மாறாலும் இருபுறமும் பெருக்கினால் கிடைப்பது முதல் அணிக்கு ஒப்பானது. தமக்குள் ஒப்பானவை எல்லாம் சேர்ந்து ஒரு வகுப்பு. கணிதவாணர் ஜே. ஏ. கிரீன் 1955-இல் காட்டிய வழியில் இவ்வகுப்புகளைச் சில மாதிரிகளுக்குள் அடக்கிவிடலாம். மாதிரி எதுவென்று தெரிந்தால், எண்ணிக்கை கியூவின் ஒரு பல்லுறுப்புக்கோவையாகக் கிடைத்துவிடும்.

இரண்டுக்கு இரண்டு அணிகளுக்கு மாதிரிகள் நான்கே. மூலைவிட்டத்தில் ஒரே எண் இரு முறை வரும் எளிய அணி ஒன்று. அதே எண்ணுடன், மூலைவிட்டமாக்க முடியாத அணி ஒன்று. இரு வேறு ஐகன் மதிப்புகளுடைய அணி ஒன்று. களத்துக்குள் ஐகன் மதிப்பே இல்லாத அணி ஒன்று. முதலிரு மாதிரிகளில் கியூ வகுப்புகள் வீதமும், பின்னிரண்டில் கியூவையும் அதனினும் ஒன்று குறைந்த எண்ணையும் பெருக்கி இரண்டால் வகுத்த தொகை வீதமும் அமைகின்றன. மூன்று உறுப்புகளுடைய களத்தில் ஒவ்வொரு மாதிரியும் மூன்று வகுப்புகளைத் தர, ஆக மொத்தம் 12. சூத்திரமாகச் சொன்னால் கியூவின் வர்க்கத்தோடு கியூவைக் கூட்டுவது, 3^2+3. இதைத் தாளிலேயே சரிபார்த்துவிடலாம் என்பதால்தான் இவ்வெடுத்துக்காட்டு இங்கு எடுக்கப்பட்டது.

இனி எடிட்டருக்கு வரலாம். சேஜ் தன் பயனருக்காகப் பைத்தான் மொழியைச் சற்று வளைத்துக் கொடுக்கிறது. பல்லுறுப்புக்கோவை வளையம் ஒன்றை வரையறுக்க, வளையத்தின் பெயரை எழுதிப் புள்ளியிட்டு, கோண அடைப்புக்குள் மாறியின் பெயரை எழுதினால் போதும். முன்பாகுபடுத்தி எனப்படும் இடைநிலை நிரல் அதைத் தூய பைத்தானாக மாற்றிக் கெர்னலுக்கு அனுப்புகிறது. பைத்தானை மட்டுமே அறிந்த எடிட்டரோ, பொதுவாக எவரும் செய்வதுபோலச் சேஜ் கோப்பையும் பைத்தான் என்று கருதும்படி அமைத்துவிட்டால், அந்த வரியைக் கண்டதும் இலக்கணப் பிழையென்று சிவப்புக் கோடிடுகிறது. சில சமயம் அந்த ஒரு வரியால் கோப்பு முழுவதற்குமான பெயர்த் தேடலையும் தானியங்கு நிரப்பலையும் கைவிட்டுவிடுகிறது. நிரலில் தவறேதும் இல்லை. தவறு எடிட்டரின் அனுமானத்தில் இருக்கிறது. இவ்விடத்தில்தான் பலர் எளிய வழியொன்றைக் கண்டுபிடிக்கின்றனர்: வரையறை வரியை எடிட்டர் ஏற்கும் பைத்தான் வடிவத்தில் மாற்றி எழுதி, கோப்பின் பின்னொட்டைச் '.சேஜ்' என்பதிலிருந்து '.பை' என்று மாற்றிவிடுகின்றனர். சிவப்புக் கோடுகள் மறைகின்றன, தானியங்கு நிரப்பல் திரும்பிவருகிறது, பயனரும் நிம்மதியடைகிறார்.

ஆனால் '.பை' கோப்புகள் முன்பாகுபடுத்தியின் வழியே செல்வதில்லை. சேஜில் அடுக்குக்குறியாக வழங்கும் ^ என்பது தூய பைத்தானில் இரும எண்களின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் ஒன்றிடும் செயலைக் குறிக்கிறது. அதோடு, அச்செயலுக்கு முன்பே கூட்டல் செய்யப்பட்டுவிடுகிறது. எனவே 3^2+3 என்பதை அது முதலில் 3^5 என்று சுருக்கி, இரும வடிவில் 011, 101 என்னும் இரண்டையும் ஒப்பிட்டு, 110 என்று, அதாவது 6 என்று விடை தருகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. 12 இருக்கவேண்டிய இடத்தில் 6 அமைதியாக அமர்ந்திருக்கும். வகுத்தலிலும் இதே கதிதான்: சேஜில் 1/2 என்பது துல்லியமான பின்னம், பைத்தான் 3-இல் அது தசம எண், பைத்தான் 2-இல் வெறும் பூச்சியம். எடிட்டரின் சிவப்புக் கோட்டைப் போக்கச் செய்த சுற்றுவழி, கணக்கையே வேறொன்றாக்கிவிட்டது. சிவப்புக் கோட்டால் யாரும் தவறான தேற்றத்தை வெளியிட்டுவிடப் போவதில்லை; இந்த ஆறால் வெளியிட்டுவிடலாம்.

இதற்குரிய முறையான சுற்றுவழிகள் இரண்டு. வண்ணமிடுவதற்கு மட்டும் பைத்தான் என்று எடிட்டருக்குச் சொல்லிவிட்டு, சேஜ் கோப்புகளுக்கு இலக்கணச் சரிபார்ப்பை அணைத்துவைப்பது ஒன்று. இதில் கெர்னலுக்குச் செல்லும் உரை ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. சேஜின் சொந்தத் தொகுதிகளைப் போலவே எல்லாவற்றையும் தூய பைத்தானில், வளையத்தையும் அதன் ஆக்கியையும் வெளிப்படையாகப் பெயரிட்டு, அடுக்குக்கு ** குறியிட்டு, சேஜின் முழுவெண்ணையும் விகிதமுறு எண்ணையும் வேண்டிய இடத்தில் கேட்டுப் பெற்று எழுதுவது மற்றொன்று. இதில் உரை மாறுகிறது. ஆனால் தெரிந்தே மாறுகிறது. நிறுவனப் பேராசிரியரின் தொகுதியும் அவ்வகையிலேயே எழுதப்பட்டது, ஏனெனில் சேஜின் உள்நூலகக் கோப்புகளுக்கு முன்பாகுபடுத்தியின் உதவி கிடையாது. '.சேஜ்' கோப்பைக் கட்டளை வரியிலிருந்து இயக்கினால், முன்பாகுபடுத்திய வடிவம் '.சேஜ்.பை' என்ற இரட்டைப் பின்னொட்டுடன் அருகிலேயே உருவாகிறது என்பதும் அறியத்தக்கது. பிழைச் செய்தியில் வரும் வரி எண் எடிட்டர் காட்டும் வரியோடு பொருந்தாமல் பலரைக் குழப்புவதுண்டு. எண்மாறிலிகளை எல்லாம் முன்பாகுபடுத்தி கோப்பின் தலைப்புக்கு நகர்த்திவிடுவதே அதற்குக் காரணம், அந்த எண் குறிப்பது இரண்டாவது கோப்பின் வரியைத்தான். கெர்னல் என்ன பெற்றது என்பதை நேரில் காண விரும்புவோர் அந்தக் கோப்பைத் திறந்தாலே போதும். திறப்பவர்கள் சிலரே என்பதுதான் வருத்தம்.

எடிட்டர் வழுக்களில் இன்னொரு பெருங்குடும்பம் இடத்தை எண்ணுவதில் பிறக்கிறது. இன்றைய எடிட்டர் தானே எந்த மொழியையும் அறிந்திருப்பதில்லை; மொழியை அறிந்த ஒரு துணைநிரலுடன், 2016-இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த ஒரு பொது நெறிமுறையின்படி, இத்தனையாவது வரியில் இத்தனையாவது எழுத்து என்று பேசிக்கொள்கிறது. அந்நெறிமுறை எழுத்துகளை யுடிஎஃப்-16 அலகுகளில் எண்ணியது. பெரும்பாலான எழுத்துகளுக்கு ஓர் அலகு. யூனிகோடின் முதல் தளத்துக்கு வெளியே உள்ளவற்றுக்கு இரண்டு. விகிதமுறு எண்களைக் குறிக்கும் இரட்டைக்கோட்டுக் கியூ முதல் தளத்திலேயே இருக்கிறது. களத்தைக் குறிக்கும் இரட்டைக்கோட்டு எஃப்போ, கணித எழுத்துருக்களுக்கென 2001-இல் சேர்க்கப்பட்ட தொகுதியில், அதற்கு வெளியே இருக்கிறது. எனவே துணைநிரல் வேறு கணக்கில் எண்ணினால், விகிதமுறு எண்களைப் பற்றிய கோப்பில் எல்லாம் சரியாக இருக்க, முடிவுறு களங்களைப் பற்றிய கோப்பில் மட்டும் பிழைக்கோடு ஓரெழுத்து தள்ளி விழும். பெயர்மாற்றக் கட்டளை கொடுத்தால் அருகிலுள்ள எழுத்து விழுங்கப்பட்டுவிடவும் கூடும். வழு கணிதத்தின் ஒரு கிளையைத் தேடிப்பிடித்துத் தாக்குவதுபோலத் தோன்றும் இந்த வேடிக்கைக்குக் காரணம் அவ்வளவே. 2022-இல் வந்த திருத்தத்தில், எந்த அலகில் எண்ணுவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்ய வழி செய்யப்பட்டது. அதை ஏற்காத பழைய துணைநிரல்களுக்கு, அத்தகைய எழுத்தை நிரலுக்குள் எழுதாமல் சாதாரணப் பெயரிடுவதே சுற்றுவழி.

தமிழில் எழுதுவோருக்கு இது இன்னும் நெருக்கமான சிக்கல். 'கணிதம்' என்ற சொல்லைத் தமிழ் அறிந்தவர் நான்கு எழுத்து என்பார்; யூனிகோடு கணக்கில், இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது 6 குறியெண்; யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 18 பைட். மூன்று அடுக்குகளும் மூன்று எண்களில் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டால், தமிழில் ஒரு குறிப்புரை எழுதிய வரியில் சுட்டி எங்கு நிற்கும் என்று சொல்லமுடியாது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலமுடையவை அல்ல என்பதால், பிழையின் கீழே அம்புக்குறியிடும் பழைய வழக்கமும் இங்கே பயன்படுவதில்லை. அம்பைப் பார்க்காமல் பிழைச் செய்தியின் வரி எண்ணை மட்டும் நம்புவதும், தமிழ்க் குறிப்புரையை நிரலுள்ள வரியில் எழுதாமல் அதற்கு மேல் தனி வரியில் எழுதுவதும் உடனடியான, தீங்கற்ற தீர்வுகள்.

இதைவிட நுட்பமானது ஒகர உயிர்மெய்யின் சிக்கல். 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 தமிழில் மாறிப்பெயர் வைக்க இடம் தருகிறது. 'கொள்ளளவு' என்று இரு முறையிலும் எழுதப்பட்ட பெயர்களை அது இயல்பாக்கம் செய்து ஒரே மாறியாகவே கொள்கிறது. ஆனால் மேற்கோள்குறிக்குள் வரும் சரத்துக்கு இயல்பாக்கம் கிடையாது. ஆகவே மாறியாக ஒன்றாயிருந்த சொல், அகராதித் தரவமைப்பின் திறவுச்சொல்லாக வரும்போது இரண்டாகிவிடும்; எடிட்டரின் தேடலும் ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிடும். இவ்வழுவைக் கண்ணால் காண வழியே இல்லை. கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிச் சேமிப்பதுதான் நிவாரணம். சரங்களின் நீளமும் சமநிலையும் அதனால் மாறுமாகையால், இது கெர்னலுக்குச் செல்லும் உரையை மாற்றும் சுற்றுவழி என்பதை மறக்கக்கூடாது.

மேப்பிள் என்னும் கணித மென்பொருளில், கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு என்னும் இப்பிரச்சினை வேறு வடிவெடுக்கிறது. 2005-இல் வந்த அதன் பத்தாம் பதிப்பு, கணிதத்தை அச்சுப்புத்தகத்தில் உள்ளதுபோலவே தட்டும் இருபரிமாண உள்ளீட்டை முன்னிறுத்தியது. அழகான ஏற்பாடுதான், ஆனால் அதில் இடைவெளி பெருக்கலாகிறது, இடைவெளியின்மை சார்பாகிறது. ஒரு மாறிக்கும் அடுத்த அடைப்புக்குறிக்கும் இடையே இடைவெளி விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். திரையில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிவதும் அரிது. அனுபவமுள்ளவர்கள் ஒற்றைவரி உள்ளீட்டுக்கு மாறிக்கொண்டு, நீண்ட நிரலைத் தனி உரைக்கோப்பில் எழுதிப் படிக்கச் செய்கின்றனர். கெர்னலுக்குச் செல்லும் உரையைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவதால், மாற்றத்தை உண்டாக்கும் சுற்றுவழிகளுள் ஐயமின்றி ஏற்கத்தக்கவற்றுள் இதுவும் ஒன்று எனலாம். முகப்பும் கெர்னலும் தனித்தனியாக இயங்கும் இன்னொரு கருவியான ஜூபிட்டர் நோட்புக்கில், மேலே நீக்கிவிட்ட வரியின் மதிப்பு கெர்னலின் நினைவில் தங்கிக்கொண்டு கீழே விடையைக் கெடுப்பதும் நன்கறியப்பட்டதே; கெர்னலை மறுபடி தொடங்கி எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக இயக்கிப் பார்க்காத நோட்புக்கின் விடையை நம்புவதற்கில்லை.

கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் நிறுவப்பட்டு, இமயத்தின் ஒரு சிகரப் பெயரைத் தாங்கிய 'கப்ரு' என்னும் லினக்ஸ் கணினித் திரளைப் போன்ற இயந்திரங்களில் இத்தொல்லைகள் பெரும்பாலும் எழுவதில்லை. அத்தகைய திரளுக்கு நிரல் ஒரு கோப்பாக அனுப்பப்படுகிறது. வரிசையில் காத்திருந்து, எவரும் அருகில் இல்லாதபோது இயங்கி, விடையை இன்னொரு கோப்பில் எழுதிவிட்டு முடிகிறது. இடையில் முகப்பும் இல்லை, நினைவில் தங்கிய பழைய மதிப்பும் இல்லை. மேசைக்கணினியில் பணிபுரிபவரும் எடிட்டரின் மேல் ஐயம் எழும்போது அதே வழியைப் பின்பற்றலாம்: கோப்பைச் சேமித்து, கட்டளை வரியிலிருந்து புதிய கெர்னலில் இயக்கி, இரு விடைகளையும் ஒப்பிடவேண்டும். விடைகள் ஒத்துவந்தால் குறை எடிட்டரிலோ அதன் துணைநிரலிலோ இருக்கிறது, அதை ஆறுதலாகச் சுற்றிக்கொண்டு போகலாம். வேறுபட்டால் எடிட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, கெர்னலுக்கு உண்மையில் எது சென்றது என்று தேடவேண்டும்.

சுற்றுவழிகளுக்கும் வயதாகிறது. மேட்லேப் என்னும் கணித மென்பொருள் 2020-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்து புதிய கோப்புகளை யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கிறது; அதற்கு முன் விண்டோஸில் தமிழ்க் குறிப்புரைகளுக்குப் பாதுகாப்பில்லாததால், அவற்றை ரோமன் எழுத்தில் எழுதும் பழக்கம் தோன்றியது. காரணம் நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அப்பழக்கம் தொடர்கிறது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. சேஜின் சோதனை முறை இதற்கு நல்லதொரு வழி காட்டுகிறது. அதில் ஒவ்வொரு செயற்பாட்டின் விளக்கவுரைக்குள்ளும் மாதிரிக் கேள்வியும் எதிர்பார்க்கும் விடையும் எழுதப்பட்டு, ஒரே கட்டளையில், எடிட்டரின் துணையின்றி, எல்லாம் மறுபடி இயக்கிச் சரிபார்க்கப்படுகின்றன. மேலே சொன்ன வகுப்பு எண்ணிக்கைக்கு 12 என்று அங்கே ஒரு வரி எழுதியிருந்தால், 6 வந்த அன்றே சோதனை தோல்வியடைந்திருக்கும். இன்னும் தீராத வழுவைக் காட்டும் மாதிரிக்கு அருகில் 'அறிந்த வழு' என்ற அடையாளக் குறிப்பை இடலாம். வழக்கமான சோதனையில் அது விட்டுவிடப்படும், தனியே கேட்டால் இயக்கப்படும். எந்தப் பதிப்பில், எந்தக் காரணத்துக்காகச் சுற்றுவழி செய்யப்பட்டது என்ற ஒரு வரியையும் அதன் மேலே சேர்த்துவைத்தால், புதிய பதிப்பு வரும்போது அம்மாதிரிகளை மட்டும் இயக்கி, எவை இப்போது சரியான விடை தருகின்றன என்று பார்த்து, அவற்றுக்கான சுற்றுவழிகளைக் கோப்பிலிருந்து நீக்கிவிடலாம்.